சார்ஜரைக் கழட்டச் சொல்லாதேங்கோ

கரண்ட் பில் ஏறும்போதெல்லாம் நாட்டில் ஒரு அறிவுரைப் பருவமும் தொடங்கிவிடும். 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியபோது தொடங்கியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம் ஏறியபோதும் தொடங்கியது. பிறகு கட்டணம் இறங்கியது, திரும்ப ஏறியது. அறிவுரை மட்டும் அப்படியே நிக்குது. வட்ஸ்அப்பில் 'மின்சாரத்தைச் சேமிக்கப் பத்து வழிகள்' என்று ஒரு படம் வரும். அதில் முதல் மூன்றுக்குள் கட்டாயம் இது இருக்கும்: போன் சார்ஜரை பிளக்கில் செருகினபடி விடாதேங்கோ. பிறகு அது வீட்டுக்குள் வரும். "தம்பி, சார்ஜர் இன்னும் சுவரிலயே கிடக்கு. கரண்ட் என்ன சும்மாவே வருது?"

இந்த அறிவுரைக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். சேமிப்புக்கு நான் எதிரி இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்ற முடிவில் பெரும்பகுதியை எடுப்பது நாங்கள் அல்ல. ஒரு பொருளை வடிவமைத்தவர், அதை இறக்குமதி செய்தவர், அதை எந்தக் கேள்வியும் இல்லாமல் துறைமுகத்தால் உள்ளே விட்ட அரசு, இந்த மூன்று பேரும் எடுத்த முடிவுக்குப் பில் கட்டுவதுதான் எங்கள் வேலை. பில் கட்டுகிறவரைப் பார்த்து "நீ சுவிச்சை ஒழுங்காகப் போடு" என்று சொல்லிவிட்டால் மற்ற மூன்று பேரும் தப்பி விடுவார்கள்.

முதலில் கணக்கைப் பாப்பம்.

இப்ப கடைகளில் விற்கிற சாதாரண ஸ்மார்ட்போன் ஒன்றின் பற்றரி 5000 மில்லி அம்பியர் மணி. வோட் மணியில் சொன்னால் ஏறக்குறைய 19. சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவதையும் சேர்த்து, சுவரில் இருந்து 25 வோட் மணி எடுக்கும் என்று வைப்பம். ஒரு யுனிட் என்பது 1000 வோட் மணி. ஆக, ஒவ்வொரு நாளும் பூச்சியத்தில் இருந்து நூறு வரை சார்ஜ் போட்டாலும் ஒரு யுனிட் முடிய 40 நாள் வேண்டும். மாதத்துக்கு முக்கால் யுனிட்.

சரி, போனைக் கழட்டிவிட்டு வெறும் சார்ஜரைச் செருகினபடி விட்டால்? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, இந்த அளவான சார்ஜர்கள் சும்மா இருக்கும்போது 0.1 வோட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்படியான ஒரு சார்ஜர் மாதம் முழுக்கச் செருகிக் கிடந்தால் 0.072 யுனிட். வருசம் முழுக்கக் கிடந்தாலும் ஒரு யுனிட் வராது. பெயர் தெரியாத மலிவுச் சார்ஜர் அதைப்போல ஐந்து மடங்கு தின்றாலும் மாதம் அரை யுனிட்டுக்குள்தான். அந்தமாதிரிச் சார்ஜரைக் கழட்டி வைக்க வேறு நல்ல காரணம் இருக்கு: சூடேறிப் பத்திக்கொள்ளலாம். அது பாதுகாப்புப் பிரச்சினை. பில் பிரச்சினை இல்லை.

இதோடு ஒரு கேத்தலை ஒப்பிடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 யுனிட் வேண்டும். வீட்டுக்கு ஆக்கள் வந்து ஒருக்கா தேத்தண்ணி போட்டால் நாலு நாள் போன் சார்ஜ் முடிந்தது. பழைய வகை சீலிங் ஃபேன் ஒன்று 75 வோட் எடுக்கும். ஒரு நாளில் பத்து மணித்தியாலம் சுத்தினால் மாதம் 22.5 யுனிட். பி.எல்.டி.சி. மோட்டர் வைத்த புதிய ஃபேன் அதே காற்றை 30 வோட் அளவில் தரும். மாதம் 9 யுனிட். வித்தியாசம் 13.5 யுனிட். ஒரே ஒரு ஃபேனை மாற்றுவதும் 187 வெறும் சார்ஜர்களைக் கழட்டி வைப்பதும் பில்லில் ஒன்றுதான். எந்த வீட்டில் 187 சார்ஜர் இருக்கு?

சூடாக்கிறது, குளிராக்கிறது, சுத்திறது. வீட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி போற வழி இதுதான். அயன் பொக்ஸ், ரைஸ் குக்கர், ஃபிரிட்ஜ், ஏசி, ஃபேன், தண்ணிப் பம். இதெல்லாம் பழைய கதை, எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். கண்ணில் படாத நான்காவது வழி ஒன்றும் இருக்கு. அது கடந்த பதினைந்து, இருபது வருசத்தில் 'வசதி' என்ற பெயரில் வந்தது: ஓஃப் பண்ணின பிறகும் ஓஃப் ஆகாத சாமான்கள்.

ரிமோட்டில் சிவப்புப் பட்டனை அமத்தினால் திரை கறுக்கும். நாங்கள் ரீவி ஓஃப் என்று நினைக்கிறோம். சில ஸ்மார்ட் ரீவிகளில் 'விரைவாகத் தொடங்கு' என்று ஒரு வசதி உண்டு. அடுத்தமுறை போடும்போது சில விநாடி மிச்சம் பிடிப்பதற்காக உள்ளே கொம்பியூட்டர் முழித்தபடியே இருக்கும். நல்ல ஸ்டாண்ட்பை அரை வோட்டில் நடக்கிற இடத்தில், இந்த வசதி போட்டிருந்தால் சில மாதிரிகள் பத்து, இருபது வோட் எடுக்கும். டிஷ் பெட்டியும் அப்படித்தான். பல பெட்டிகளில் ஓஃப் என்பது முன்னுக்கு இருக்கிற சின்ன விளக்கின் நிறம் மாறுவது மட்டுமே. வை-ஃபை ரவுட்டருக்கு ஓஃப் என்ற சொல்லே இல்லை. எட்டு வோட் எடுக்கிற ஒன்று இருபத்திநாலு மணித்தியாலமும் இருந்தால் மாதம் 5.8 யுனிட். ஜப்பானில் இருந்து வரும் பழைய 100 வோல்ட் சாமானை எங்கள் 230 வோல்ட்டில் ஓட்ட இடையில் ஒரு டிரான்ஸ்போமர் வைக்கவேண்டும். சாமான் ஓடாத நேரத்திலும் சுவரில் செருகியிருக்கும் வரை அந்த டிரான்ஸ்போமர் தன் பங்கைத் தின்றபடி சூடாகவே இருக்கும்.

'பத்து வோட்தானே, இதில என்ன' என்று கேப்பீங்கள். பத்து வோட் நாள் முழுக்க இருந்தால் மாதம் 7.2 யுனிட். எங்கள் பில் கட்டமைப்பில் இந்த ஏழு யுனிட் எங்கே விழுகிறது என்பதுதான் விசயம்.

இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியானது. 30, 60, 90, 120, 180 என்று படிகள். விலைகள் அடிக்கடி மாறும். ஆனால் 60 என்ற கோட்டின் குணம் மாறவில்லை. மாதம் 60 யுனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு மலிவான அட்டவணை. 61ஐத் தொட்டால் அந்த அட்டவணையே இல்லாமல் போகும். கூடின ஒரு யுனிட்டுக்கு மட்டும் அல்ல, முதல் 60 யுனிட்டுக்கும் கூடின விலை. நிலையான கட்டணமும் ஏறும். ஏணியில் ஒரு படி ஏறுவது போல இல்லை இது. ஒரு யுனிட்டால் வேறு மாடிக்கே போய்விடுகிற கதை.

இப்போது ஒரு வீட்டை யோசியுங்கள். நாலு பல்ப், ஒரு ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு ரீவி. கவனமாகப் பாவித்து 57 யுனிட்டில் நிற்கிறது. பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்காக ஒரு ரவுட்டர் வாங்குகிறார்கள். 57உடன் 5.8. கோடு தாண்டியாச்சு. அடுத்த மாதம் பில்லைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் யார் பேச்சு வாங்குவது? ராத்திரி ஃபேனைக் கூட்டிப் போட்ட அப்பம்மா, இரண்டு சட்டையை அயன் பண்ணின அக்கா, சார்ஜரைச் சுவரில் விட்ட தம்பி. மூலையில் பச்சை விளக்கோடு இருக்கிற ரவுட்டரை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதன் பெட்டியில் எத்தனை வோட் என்று பெரிதாக எழுதியிருந்தாலாவது பார்த்திருப்பார்கள். மாதம் 300 யுனிட் பாவிக்கிற வீட்டுக்கு இந்த ஆறு யுனிட் தெரியவே தெரியாது. 57இல் நிற்கிற வீட்டுக்கு அது அடுத்த மாதச் செலவையே குழப்பும். வசதியுள்ளவரைக் கணக்கில் வைத்து வடிவமைத்த சாமான், வசதியில்லாதவரின் படியைத் தள்ளிவிடுகிறது. இதை 'மின்சாரத்தைச் சேமியுங்கள்' என்ற பொதுவான சொல்லால் மூடி மறைக்கக் கூடாது.

நாட்டுக் கணக்கும் இதேதான். இலங்கையில் வீட்டு மின்னிணைப்புகள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் பத்து வோட் சும்மா எரிந்தால் 50 மெகாவோட். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் ஒரு இயந்திரம் 300 மெகாவோட். அதன் ஆறில் ஒரு பங்கை, ஒருவரும் பார்க்காத ரீவிக்கும் ஒருவரும் கேட்காத பெட்டிக்கும் இரவு பகலாக எரிக்கிறோம் என்று அர்த்தம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது.

இது எங்களுடைய புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் என்.ஆர்.டி.சி. என்ற சூழலியல் அமைப்பு 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டு வீடுகளில் இருந்த கேபிள், டிஷ் பெட்டிகள் மட்டும் 2010இல் 27 பில்லியன் யுனிட் தின்றிருந்தன. இலங்கை முழுவதும் ஒரு வருசத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைவிட இது அதிகம். அதற்கு மக்கள் கட்டிய 3 பில்லியன் டொலரில் 2 பில்லியன், யாரும் ஒன்றும் பார்க்காத நேரத்துக்கு. ஒரு எச்.டி. பெட்டியும் பதிவு செய்கிற பெட்டி ஒன்றும் சேர்ந்தால் ஒரு புதிய பெரிய ஃபிரிட்ஜைத் தாண்டின. அந்தப் பெட்டியைத் தெரிவு செய்தது கேபிள் கொம்பனி. கரண்ட் பில் வந்தது வீட்டுக்காரருக்கு. பெட்டி எவ்வளவு தின்றாலும் கொம்பனிக்கு ஒரு சதமும் நட்டம் இல்லை என்றால், அது ஏன் குறைக்கப்போகிறது? ஆய்வு வெளிவந்து விசயம் சந்திக்கு வந்தபிறகுதான், 2012 கடைசியில் கொம்பனிகள் தாமாகக் குறைப்பதாக ஒப்பந்தம் போட்டன.

விளையாட்டுப் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரிந்திருக்கும். எக்ஸ்பொக்ஸில் 'உடனடித் தொடக்கம்' என்றொரு நிலை இருந்தது. அதற்கும் சக்தி சேமிப்பு நிலைக்கும் இடையே, பெட்டி ஓஃபில் இருக்கும்போதான பாவனையில் இருபது மடங்கு வரை வித்தியாசம் என்று சொன்னது வேறு யாரும் இல்லை, மைக்ரோசொஃப்ட் நிறுவனமேதான். 2022இல் புதிய பெட்டிகளைச் சேமிப்பு நிலையிலேயே அனுப்பத் தொடங்கினார்கள். 2023 தொடக்கத்தில், ஏற்கனவே வீடுகளில் இருந்த பெட்டிகளையும் மென்பொருள் புதுப்பிப்பால் மாற்றினார்கள். ஒரு வயரும் மாற்றவில்லை, ஒரு பாகமும் மாற்றவில்லை. அவர்கள் அலுவலகத்தில் ஒரு இயல்புநிலையை மாற்ற, உலகம் முழுக்க வீடுகளின் பில் மாறியது. அப்படியென்றால் அதுவரைக்கும் அந்தக் கரண்டை எரித்தது யார்? விளையாடின பொடியனா, இயல்புநிலையைத் தீர்மானித்தவரா?

ரீவியில் கதை இன்னும் மோசம். 2016இல் அதே என்.ஆர்.டி.சி. இன்னொரு அறிக்கை வெளியிட்டது. சம்சுங், எல்ஜி, விசியோ ஆகியவற்றின் சில ரீவிகளில், பாவனையாளர் படத்தின் அமைப்பை மாற்றியதும் சக்தி சேமிப்பு வசதிகள் சத்தமில்லாமல் நின்றுவிடுகின்றன. மின்பாவனை சிலவற்றில் இரட்டிப்பு வரை போகிறது என்றது அது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. நோக்கத்தை விடுங்கள். அரச பரிசோதனை நடப்பது பெட்டியில் இருந்து எடுத்த நிலையில். அந்த நிலையில் படம் மங்கலாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இரண்டாம் நாளே வெளிச்சத்தைக் கூட்டுவார். முத்திரையில் இருக்கிற இலக்கம் ஒன்று, மீற்றரில் ஓடுகிற இலக்கம் இன்னொன்று.

'அப்ப ஆளாளுக்கு வீட்டில பிளக்கைக் கழட்டினா முடியும்தானே' என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கு. அந்தக் கழட்டுகிற வேலையைச் செய்யப்போவது யார் என்று பாருங்கள். ரீவிக்குப் பின்னால் கை விட்டு, எக்ஸ்டென்ஷன் கோட்டைத் தேடி, ஒவ்வொரு இரவும் ஒவ்வொன்றாய் நிப்பாட்டி, காலையில் திரும்பப் போட்டு, ரவுட்டர் வேலை செய்யவில்லை என்று பேச்சும் வாங்கி. பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. தொழிற்சாலையில் மிகச் சிறிய செலவில் ஒருமுறை செய்யக்கூடிய திருத்தத்தை, ஐம்பது இலட்சம் வீட்டில் ஐம்பது இலட்சம் பெண்கள் தினமும் கையால் செய்யவேண்டும் என்று கேட்பதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லை. வேலையைத் தலையில் கட்டுவது.

தொழிற்சாலையில் செய்ய முடியும் என்பது கற்பனையும் இல்லை. ஸ்டாண்ட்பையில் எந்தச் சாதனமும் ஒரு வோட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற யோசனையை சர்வதேச சக்தி முகவரகம் 1999இலேயே முன்வைத்தது. 2001இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், அரச அலுவலகங்கள் வாங்கும் சாதனங்கள் அந்த ஒரு வோட் எல்லைக்குள் இருக்கவேண்டும் என்று ஆணை போட்டார். புஷ்ஷை யாரும் சுற்றுச்சூழல் போராளி என்று சொல்லமாட்டார்கள். தென்கொரியா, எல்லையைத் தாண்டுகிற சாமானில் எச்சரிக்கை முத்திரை ஒட்டவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு வோட், 2013இல் அரை வோட் என்று சட்டமாக்கியது. சின்னத் திரையில் தகவல் காட்டுகிறவற்றுக்கு மட்டும் அதன் இரட்டிப்பு. இதனால் ரீவி விற்பனை நின்றுவிடவில்லை. ஒரு கொம்பனியும் சந்தையை விட்டு ஓடவில்லை. முடியாது என்று அதுவரை சொன்னது எல்லாம் முடிந்தது.

சட்டம் இருக்கிற நாட்டுக்கு ஒரு சாமான், சட்டம் இல்லாத நாட்டுக்கு இன்னொரு சாமான். இதுதான் எங்கள் நிலை. ஃபேனையே எடுங்கள். இந்தியா 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கியது. எங்கள் ஊர்க் கடைக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள். "அண்ணை, இந்த ஃபேன் எத்தனை வோட்?" "அதெல்லாம் குறைவுதான் தம்பி, எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்கள்." பெட்டியைப் பிரட்டினால் மூலையில் கண்ணாடி போட்டும் வாசிக்கமுடியாத எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில் அல்லது சீனத்தில். வேகம் எத்தனை, ரிமோட் இருக்கா, விளக்கு இருக்கா, போனில இருந்து போடலாமா, எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். மாதம் எத்தனை யுனிட் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. வாங்கும்போது ஆயிரக்கணக்கில் குறைவு என்று ஏழை வாங்குகிற ஃபேன்தான், அடுத்த பத்து வருசம் மாதம் 13 யுனிட் கூட எடுக்கப்போகிறது. அந்தக் கணக்கைப் பார்க்கத் தேவையான ஒரே ஒரு இலக்கத்தைக் கடை மறைத்து வைத்திருக்கு.

அப்படியானால் போனில் குற்றமே இல்லையா? இருக்கு. ஆனால் அது சுவரில் இல்லை. அப்பிள் நிறுவனம் தன் போன்களுக்கு வெளியிடும் சூழல் அறிக்கைகளின்படி, ஒரு போனின் வாழ்நாள் கரியமில வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. கையில் இருக்கும் போனுக்காக நாங்கள் எரிக்கிற சக்தி பெரும்பாலும் சுரங்கத்திலும் சிப் தொழிற்சாலையிலும் ஏற்கனவே எரிந்து முடிந்தது. ஆகவே போன் விசயத்தில் உண்மையான சேமிப்பு ஒன்றுதான்: இன்னும் இரண்டு வருசம் பாவிக்கிறது.

அதற்குத்தான் விடமாட்டார்கள். விநாடிக்கு 120 தரம் புதுப்பிக்கிற திரை, எந்நேரமும் நேரம் காட்டுகிற திரை, பின்னால் ஓடுகிற ஐம்பது செயலி. ஒவ்வொரு புதிய வசதியும் பற்றரியைத் தின்கிறது. அதற்குப் பதிலாகப் பெரிய பற்றரி, வேகமான சார்ஜர். வேகமாகச் சார்ஜ் ஏறினால் சூடும் கூடும். சூடு பற்றரியின் ஆயுளைக் குடிக்கும். இரண்டு வருசத்தில் மத்தியானத்துக்குள் போன் செத்துவிடும். பற்றரி மாத்தலாம் என்று கொண்டுபோனால் பசை போட்டு ஒட்டியிருக்கு, அசல் பற்றரி இல்லை, போட்டாலும் தண்ணி உள்ளே போகும். "பேசாமல் புதுசு ஒன்று எடுங்கோ." பற்றரி பழுதான போன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததை அப்பிள் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. அதைப் பாவனையாளருக்குச் சொல்லாததற்கு பிரான்ஸ் 2020இல் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. பற்றரியை மாத்தியிருந்தால் பழைய வேகம் திரும்பியிருக்கும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்!

இதற்கும் சட்டம் வந்துவிட்டது, எங்களுக்குத்தான் வரவில்லை. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற போன்களுக்குச் சக்தி முத்திரை கட்டாயம். ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் தாங்கும், விழுந்தால் தாங்குமா, திருத்துவது எவ்வளவு இலகு என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். 800 தரம் சார்ஜ் ஏறி இறங்கியபிறகும் பற்றரி 80 வீதம் தாங்கவேண்டும். விற்பனை நின்றபிறகும் ஏழு வருசம் உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும். அதே கொம்பனியின் போன்தான் இங்கேயும் விற்கிறது. அந்த முத்திரை மட்டும் கப்பலில் ஏறவில்லை.

எதிர்வாதங்களையும் பாப்பம். முதலாவது: 'சாதனங்கள் எல்லாம் இப்ப முந்தியைவிடச் சிக்கனம்தானே?' உண்மைதான். 60 வோட் குண்டுபல்ப் போன இடத்தில் 9 வோட் எல்.ஈ.டி. வந்தது. இதை யாரும் மறுக்கத் தேவையில்லை. ஆனால் சிக்கனத்தால் மிஞ்சியதை வசதி தின்றுவிடுகிறது. இங்கிலாந்துப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1865இலேயே நிலக்கரியை வைத்து இதைச் சொன்னார்: இயந்திரம் சிக்கனமாக ஆக, மொத்தப் பாவனை குறையாமல் கூடலாம் என்று. கேம் விளையாடுகிறவர்கள் இதைத் தங்கள் மேசையிலேயே பார்க்கலாம். 2016இல் என்விடியாவின் ஜி.டி.எக்ஸ் 1080 அட்டை 180 வோட். 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 5090 அட்டை 575 வோட். ஒரு வோட்டுக்கு அது செய்யும் வேலை பல மடங்கு கூடியிருக்கு. பிளக்கில் இருந்து எடுப்பது மூன்று மடங்கு.

இரண்டாவது: 'கட்டுப்பாடு போட்டால் விலை ஏறும், ஏழைகளுக்குக் கஷ்டம்.' ஏழைகளை இந்த நாட்டில் இறக்குமதியாளர்களின் வாயில்தான் அடிக்கடி கேட்கிறோம். கானாவைப் பாருங்கள். எங்களைப் போலவே கடனோடும் மின்வெட்டோடும் போராடுகிற நாடு. ஐரோப்பாவில் கழித்துவிட்ட பழைய ஃபிரிட்ஜ்கள் அங்கே குவிந்தன. விலை மலிவு, கரண்ட் பேய்த்தனமாகத் தின்னும். கானா 2008இல் அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்து, 2013 முதல் நடைமுறைப்படுத்தியது. மலிவான சாமானுக்கு மீதிக்காசைப் பில்லில் கட்டுவது ஏழைதான் என்பதை அந்த நாடு விளங்கிக்கொண்டது.

எங்களிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை இருக்கு. தரம் வகுக்க இலங்கை கட்டளைகள் நிறுவனம் இருக்கு. கடைக்காரரைக் கேள்வி கேட்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கு. சி.எஃப்.எல். பல்ப் பெட்டியில் நட்சத்திரம் எண்ணி வாங்கிப் பழகின சனம்தான் நாங்கள். பல்ப்புக்கு முடிந்தது ரவுட்டருக்கும் டிஷ் பெட்டிக்கும் ஃபேனுக்கும் ரீவிக்கும் ஏன் முடியாது?

ஆகவே கோரிக்கை இதுதான். நாட்டுக்குள் வரும் எந்த மின்சாதனமும் ஓஃபில் அரை வோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுங்கத்திலேயே நிப்பாட்டவேண்டும். எப்போதும் செருகியிருக்கிற ரவுட்டருக்கும் பெட்டிக்கும் தனியாக ஒரு எல்லை வேண்டும். அவற்றைத் தருகிற கொம்பனிதான் அதற்குப் பொறுப்பு. 'விரைவாகத் தொடங்கு' போன்ற வசதிகள் இயல்பில் நிறுத்தியே வரவேண்டும், வேண்டுமென்றவர் போட்டுக்கொள்ளட்டும். பெட்டியின் முகப்பில், விலைக்குப் பக்கத்தில், மாதம் எத்தனை யுனிட் என்பது தமிழிலும் சிங்களத்திலும் விலையின் அளவு எழுத்திலேயே இருக்கவேண்டும். போன் விற்கிறவர் அதன் பற்றரியையும் குறைந்தது ஐந்து வருசத்துக்கு விற்கவேண்டும்.

கட்டணத்தை மாற்றும்போதெல்லாம் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரில் போயும் சொல்லலாம். இதுவரை நாங்கள் அங்கே போய்ச் சொல்வது 'விலையைக் குறையுங்கோ' என்பது மட்டும்தான். அடுத்த தடவை இதையும் சேர்த்துச் சொல்லுவம். கூட்டாக ஒரு கடிதம் எழுதினாலே போதும். அதுவரைக்கும் கடைக்குள் போகிற ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யலாம்: எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும், விலை கேட்கமுதல் "மாசம் எத்தனை யுனிட்?" என்று சத்தமாகக் கேளுங்கள். அண்ணைக்குப் பதில் தெரியாவிட்டால் சாமானைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப் பேர் அப்படிப் போனால் அவர் இறக்குமதியாளரைக் கேட்பார்.

அம்மாவிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். சார்ஜர் கிடக்கட்டும். அந்த ரீவி அமைப்புக்குள் போய் 'விரைவாகத் தொடங்கு' என்பதை நிப்பாட்டிவிடச் சொல்லுங்கள். இல்லை, அதை அவவிடம் சொல்லாமல் நீங்களே எழும்பிப் போய் நிப்பாட்டுங்கள்.